பிள்ளையைக் கண்டிக்கு அனுப்பலாமா?

கேள்வி: மகள் சாதாரண தரப் பரீட்சையில் (பதினோராம் வகுப்பு) கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் ஏ எடுத்திருக்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் படிக்க ஆசைப்படுகிறாள். மத்திய மாகாணத்தில் ரிசல்ட் என்றால் கண்டிதான், அங்கே அனுப்பு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அனுப்பலாமா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: பிள்ளைக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள், தங்கச்சி. மத்திய மாகாணம் என்றால் கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றும்தான், கண்டி டவுனில் இருக்கிற பழைய பெரிய பள்ளிக்கூடங்களும் நம் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களும் ஒன்றாகச் சேர்ந்துதான் மாகாணக் கணக்கு வருகிறது, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நீங்கள் பார்க்கவேண்டியது வெட்டுப்புள்ளி, அதாவது பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க மாவட்டவாரியாகத் தேவைப்படும் குறைந்தபட்சப் புள்ளி. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் உங்கள் நுவரெலியா மாவட்டம் இருக்கிறது, கண்டி இல்லை. பிள்ளை எந்த மாவட்டம் என்பதை நீங்கள் இருக்கிற லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) வைத்துப் பார்ப்பதில்லை, அவள் படித்த பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்த விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

ஆனால் சலுகை இருக்கிறது என்பதற்காக ஆசிரியர் இல்லாத இடத்தில் பிள்ளையை உட்கார வைக்கவும் கூடாது. தமிழில் விஞ்ஞானப் பிரிவு நடக்கிற பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நேரே போங்கள். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் அங்கே படிக்கிற மூத்த பிள்ளை ஒருத்தியின் செய்முறைக் கொப்பியை வாங்கிப் புரட்டுங்கள், பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தால் ஆய்வுகூடம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும். கொப்பி நிறைந்திருந்தால் இங்கேயே படிக்கட்டும், போர்டிங் காசு டியூஷனுக்கு ஆகும். இல்லையென்றால் யோசிக்காமல் கண்டிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போது எல்லாரும் படிக்கிறார்கள், பிறகென்ன குறை?
– வாசகர், ஹட்டன்

பதில்: வளர்ச்சி உண்மைதான், ஐயா. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் துரைமார் கையிலேயே கிடந்தன, எழுபதுகளில்தான் அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது. நான் படித்த இடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஒரு கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருப்பார். இப்போது பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயின்று நம் பிள்ளைகளே ஆசிரியர்களாக வருகிறார்கள். ஆனால் பத்தாம், பதினோராம் வகுப்பில் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற பையன்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. சாதாரண தரம் தவறினாலும் 13 வருடக் கல்வித் திட்டத்தில் தொழில்பிரிவு படிக்கலாம், அது எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் விசாரித்து உங்கள் லயத்துப் பையன்களிடம் சொல்லுங்கள்.