நவகம்பளம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் நியாய சூத்திரம் என்ற பழைய தர்க்க நூலைப் படிக்கிறோம். வீடுபேற்றுக்கு வழி சொல்வதாகத் தொடங்கும் நூலில், சொல்லைத் திரித்து எதிராளியை மடக்கும் உத்திகளை நூலாசிரியர் கௌதமர் வகைவகையாக அடுக்குவது ஏன்? வாதப் போட்டிகளுக்குப் போகிறவள் நான். இவற்றைக் கையாளலாமா?

சு.

அன்புள்ள சு.,

என்னையும் நெடுநாள் உறுத்திய கேள்வி இது.

உண்மையை அறிய இருவர் கூடிப் பேசுவது வாதம். வெல்லப் பேசுவது ஜல்பம். தன் கட்சியை நிறுவாமல் பிறர் கட்சியை உடைப்பது மட்டுமே விதண்டை. நாம் அன்றாடம் சொல்லும் விதண்டாவாதம் இதுதான். உத்திகளுக்கு இடம் பின்னிரண்டில்தான்.

அவற்றுள், பேசியவர் கருதாத பொருளைச் சொல்லில் ஏற்றி மறுக்கும் சலம் எளியது. உரைகாரர் வாத்ஸ்யாயனரின் உதாரணத்தில், புதுக் கம்பளி போர்த்திய சிறுவனை ‘நவகம்பளன்’ என்கிறார் ஒருவர். ‘ஒன்பது கம்பளி எங்கே? ஒன்றுதானே இருக்கிறது!’ என்கிறார் எதிராளி. நவயுகமும் நவகிரகமும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரு பொருள்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்பது வாத்ஸ்யாயனரின் விடை. மேடையில் இதைக் கேட்டாலே போதும்.

ஜாதி என்னும் உத்தி, அதாவது போலி ஒப்புமையைக் காட்டி மறுப்பது, அப்படியல்ல; நல்ல அறிவாளியையும் தடுமாற வைக்கும். ‘ஒலி உண்டாக்கப்படுவது, ஆகவே குடம்போல் அழியும்’ என்கிறீர்கள். ‘ஒலி உருவமற்றது, ஆகவே வானம்போல் நிலையானது’ என்று பதில் வருகிறது. தராசு சமமாக நிற்பதுபோல் தோன்றும். ஆனால் உருவமின்மைக்கும் நிலைபேற்றுக்கும் பிரியாத தொடர்பு எங்கே இருக்கிறது? மகிழ்ச்சிக்கும் உருவமில்லை, அது நிலைக்கிறதா? இத்தகைய 24 ஜாதிகளுக்கும் 22 தோல்வி நிலைகளுக்குமே ஐந்தாம் அத்தியாயம் முழுவதையும் கௌதமர் கொடுத்திருக்கிறார்.

ஏன் என்பதற்கு அவரே பதில் சொல்கிறார்: முளைக்கும் விதையைக் காக்க முள்கிளையால் வேலியிடுவதுபோல, அறிந்த உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும். அழகான உவமைதான். ஆனால் ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தர் தர்மகீர்த்தி இதை ஏற்கவில்லை. உண்மையைக் காக்கச் சலம் ஆகும் என்றால் நகத்தால் கீறுவதும் அறைவதும் ஆயுதத்தால் தாக்குவதும் தீவைப்பதும்கூட ஆகுமே என்று கேட்டார்.

நான் தர்மகீர்த்தியின் பக்கம். சலத்தால் வென்றவருக்குத் தன் கட்சி சரிதானா என்பது தெரியாமலே போய்விடுகிறது. உண்மையான மறுப்பு அதன்மேல் மோதவே இல்லையே. அந்த இழப்பு பரிசுக் கோப்பையால் ஈடாகாது.

ஆகவே 24 ஜாதிகளையும், அவற்றுக்குக் கௌதமர் தரும் மறுப்புகளோடு சேர்த்து, ஒன்றுவிடாமல் படியுங்கள். எதிராளி வீசும்போது அடையாளம் காண்பதற்கு மட்டும்.