கப்பல் ரேடியோவில் ஆபத்துச் செய்தி: காதுக்கும் நாவுக்கும் பயிற்சி

கேள்வி: கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேரப்போகிறேன். ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) வகுத்த கடல்சார் ஆங்கிலச் சொற்றொடர்களை ஒலிப்பதிவில் கேட்டுக்கொண்டே இருந்தால் பழகிவிடுமா?

பழகாது. 2001-இல் ஏற்கப்பட்ட அந்தச் சொற்றொடர்கள் வாய்விட்டுச் சொல்வதற்கானவை. ஒரு வாக்கியம் முடிந்ததும் பதிவை நிறுத்தி, உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். உங்கள் குரலையும் பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். எண்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலவே காதில் விழும். அதனால்தான் 150-ஐ ‘ஒன் ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

கேள்வி: பயிற்சிப் பதிவு நன்றாகப் புரிகிறது. கப்பலில் வி.எச்.எஃப். ரேடியோவில் வரும் பேச்சு புரியவில்லையே?

பயிற்சிப் பதிவில் பேசுபவர் நிதானமாகப் பேசுகிறார்; எதிர்க்கப்பலில் பேசுபவர் பதற்றத்தில் இருப்பார். பிலிப்பைன்ஸ், உக்ரைன், சீன அதிகாரிகளின் ஆங்கிலத்தைத் தேடிக் கேளுங்கள். பிறகு, எஞ்சின் இரைச்சல் கலந்த பதிவுகளுக்குப் போங்கள். பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, கேட்ட இடநிலையை (கப்பல் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை) எழுதிச் சரிபாருங்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஒரு கடல் மைல். பத்து நிமிடம் பிசகினால், மீட்க வருபவர்கள் பத்து மைல் தள்ளித் தேடிக்கொண்டிருப்பார்கள். தண்ணீரில் கிடப்பவருக்கு அந்த நேரம் கிடையாது. புரியாவிட்டால் ஊகிக்காதீர்கள், ‘ஸே அகெய்ன்’ என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கேள்வி: ‘மேடே’ என்னும் ஆபத்து அழைப்பை, அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் சொல்லிப் பழகலாமா?

கூடவே கூடாது. அணைத்துவைத்த கருவியின் மைக்கைப் பிடித்துப் பழகுங்கள். மேடே மூன்று முறை, கப்பலின் பெயர், அழைப்புக் குறி, எம்.எம்.எஸ்.ஐ. எண் (கப்பல் ரேடியோவின் அடையாள எண்), மறுபடி மேடே, கப்பலின் பெயர், இடநிலை, என்ன ஆபத்து, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர், கடைசியில் ‘ஓவர்’. ஆபத்து அழைப்பைத் தானாகவே அனுப்பும் டி.எஸ்.சி. சிவப்புப் பொத்தானைத் தவறுதலாக அழுத்திவிட்டால் மறைக்காதீர்கள். உடனே கேப்டனிடம் சொல்லி, சேனல் 16-இல் அந்த அழைப்பை ரத்து செய்ய வேண்டும்.

கேள்வி: சமையல் பணியாளர்களுக்கும் இது அவசியமா?

ரேடியோ நடைமுறை வேண்டியதில்லை. அவசரகால ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். 1990 ஏப்ரலில் ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ பயணிக் கப்பல் தீப்பிடித்து 159 பேர் மாண்டனர். பணியாளர் பலருக்குப் பயணிகளின் மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவசரகால எச்சரிக்கையான ஏழு குறும் ஒலி, ஒரு நெடும் ஒலி கேட்டதும் எங்கே கூட வேண்டும் என்பதைப் பயணியிடம் ஆங்கிலத்தில் சொல்ல, பரிமாறுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாறு வாக்கியங்களைச் செல்பேசியில் பதிவு செய்து கொடுங்கள். அடுத்த ஒத்திகையில் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.