சபைகள் ஒன்றுபடுவது ஏன் அவ்வளவு முக்கியம்?

"எல்லாரும் ஒரே ஆண்டவரைத்தானே கும்பிடுகிறோம், சபை வேறாக இருந்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். யோவான் 17:21-ல், சீஷர்கள் ஒன்றாயிருக்க ஜெபிக்கும் இயேசு காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்: உலகம் விசுவாசிக்க வேண்டும். நாமே பிரிந்து கிடந்தால் நாம் சொல்வதை யார் நம்புவார்கள்?

வெள்ளாளன்விளையில் பிறந்த ஆங்கிலிக்கன் பேராயர் அசரியாவை அரித்ததும் இதுதான். ஐரோப்பாவின் பழைய சண்டைகளுக்காக இங்கே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று தனித்தனிப் பந்தியில் உட்காருவானேன்? 1919-ல் தரங்கம்பாடியில் சபைகளை இணைக்கும் பேச்சு தொடங்கியது. அப்படி இணைந்த தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததோ 1947 செப்டம்பர் 27-ல், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-லேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவு இழுத்ததற்குப் பெரிய காரணம், ஆங்கிலிக்கன் வழக்கப்படி பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் பெறாத மற்றச் சபைப் போதகர்களின் ஊழியம் செல்லுமா என்ற கேள்வி. கடைசியில், மறுபடி பட்டம் கொடுக்காமலே அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் பேராயர் கையால் பட்டம். ஒற்றுமைப் பிரசங்கங்கள் ஆயிரத்தைவிட இந்த ஒரு முடிவு பெரிது என்பேன். யாரும் யாரையும் "நீ பாதி போதகர்" என்று சொல்லவில்லை, பாருங்கள்.

ஒரு வேடிக்கை: தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் காலூன்றிய ஊர். தமிழ் லுத்தரன் சபையோ இந்த இணைப்பில் சேரவே இல்லை.