வாசகர் கேள்வி – பதில்: தாலி கட்டியவரே சூடு போட்டால்...

கேள்வி: நான் தக்கலைக்கு அருகில் வசிக்கும் திருநங்கை. கோயிலில் தாலி கட்டியவரோடு குடும்பம் நடத்துகிறேன். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. என் வருமானம் முழுவதும் அவர் கைக்கே போகிறது. ஹார்மோன் மாத்திரைகளைக் குப்பையில் எறிந்துவிட்டு, அடையாள அட்டையையும் ஒளித்து வைத்திருக்கிறார். சென்ற மாதம் சட்டுவத்தை அடுப்பில் காய வைத்து என் கையில் சூடு போட்டார். எங்கள் திருநங்கையர் ஜமாத்தில், அதாவது எங்கள் சமூகக் கூட்டமைப்பில், பேசிச் சமாதானம் செய்துவைத்தார்கள். ஒரு காப்பகத்தில் 'இது பெண்களுக்கு மட்டும்' என்று திருப்பி அனுப்பினார்கள். நான் யாரிடம் போவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்தக் காயத்தைக் கவனிப்போம். புண் ஆறிவிட்டாலும் அரசு மருத்துவமனைக்குச் சென்று, நடந்ததை நடந்தபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். வெட்கத்தினாலோ பயத்தினாலோ 'எண்ணெய் தெறித்துவிட்டது' என்று சொன்னால் மருத்துவர் அதைத்தான் எழுதுவார். நாளை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையிலெடுப்பதும் அந்த ஒரு வரியாகத்தான் இருக்கும்.

2019இல் நிறைவேறிய மாற்றுப் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அடி உதையை மட்டுமன்றி, வசைச்சொல்லையும் மனத்துன்பத்தையும் பணரீதியான கொடுமையையும் குற்றமாகக் கொள்கிறது. ஆனால் அச்சட்டம் இதற்கு வைத்த உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். இது போதாது என்பதே என் கருத்து. ஏனெனில், மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள இத்தகைய குற்றங்களில் நீதிமன்ற உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய இயலாது என்பது பொது விதியாதலால், மனு அந்தப் பிரிவோடு நின்றால் 'பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிட வழி கிடைத்துவிடுகிறது. சூடேற்றிய பொருளால் காயப்படுத்துவதோ, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1) பிரிவின்படி மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரியது. அதில் காவல்துறையே நேரடியாக வழக்குப் பதியலாம். ஆகவே சட்டுவத்தால் சூடு போட்டதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.

காப்பகத்தில் சொன்னதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் திருமணத்தை ஒத்த உறவையும் ஏற்பதால், பதிவுச் சான்று இல்லாதது தடையாகாது. தூத்துக்குடித் தம்பதி ஒருவரின் வழக்கில், இந்துத் திருமணச் சட்டம் கூறும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது நம் கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட திருநங்கை ஒருவர் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கோரலாம் என 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. இவற்றைச் சுட்டிக்காட்டி, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்தில், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுங்கள். அடையாள அட்டை பறிபோனதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். தொலைபேசி எண் 15100. இரவில் ஆபத்து என்றால் 112.

ஜமாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓரிரவு தங்க இடம் வேண்டுமென்றால் முதலில் கதவைத் திறப்பவர்கள் அங்குள்ள அம்மாமார்தாம்; அவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அங்கே செய்துவைத்த சமாதானம் உங்கள் புகார் உரிமையைப் பறித்துவிடாது.

கேள்வி: எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநங்கையை அவருடைய கணவர் அடிக்கும் சத்தம் அடிக்கடி கேட்கிறது. நாங்கள் தலையிட்டால் எங்கள்மேல் வழக்கு வருமா?
– வாசகர், கருங்கல்

பதில்: வராது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, வன்முறை நடப்பதாக நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குத் தொடர முடியாது. அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, என்ன உதவி வேண்டும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். சத்தம் பொறுக்க முடியவில்லை என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடாதீர்கள். அடித்தவரை விட்டுவிட்டு அடிபட்டவரைத் தெருவில் நிறுத்துவதாகிவிடும்.