வலிப்பு மாத்திரையும் ரத்த அணுக்களும்

கேள்வி: 17 வயது மகன் வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறான். இரண்டு மாதம் முன்பு டோஸ் கூட்டினார்கள். இப்போது பல் துலக்கினால் ஈறில் ரத்தம் கசிகிறது. பரிசோதனையில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) 88,000. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் அடங்காத தொடர் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. ஆனால் மருத்துவரிடம் இன்றே சொல்லியாக வேண்டும்.

தட்டணுக்கள் 1,50,000-க்குக் குறையக் கூடாது. வால்ப்ரோயேட் டோஸ் ஏற ஏற அவை இறங்குவது உண்டு. டோஸைக் குறைத்தாலே பெரும்பாலும் எண்ணிக்கை மீண்டுவிடும். எவ்வளவு குறைப்பது என்று முடிவெடுக்க, காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை வழக்கமான வரம்பு.

சில சமயம் பரிசோதனைக் குழாயில் தட்டணுக்கள் ஒட்டித் திரண்டு, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து வரும். ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் மகனுக்கு ரத்தமும் கசிவதால் அப்படி நினைத்துச் சும்மா இருக்க முடியாது. இந்த மருந்து ஃபைப்ரினோஜென் போன்ற, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களையும் குறைக்கக்கூடும் என்பதால், தட்டணு எண்ணிக்கை மட்டும் போதாது. பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ முன்பு உறைதல் பரிசோதனைகளும் அவசியம்.

ஆஸ்பிரின் வேண்டாம்: தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பதோடு, ரத்தத்தில் கட்டற்ற (புரதத்தோடு ஒட்டாத) வால்ப்ரோயேட்டையும் கூட்டும். இபுபுரூஃபெனும் தவிர்க்கவும். வலிப்பில் விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இந்த எண்ணிக்கையில் நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். மலம் கறுப்பாகப் போனாலும், தோலில் சிவப்புப் புள்ளிகள் பரவினாலும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: வலிப்புக்கு கார்பமஸெபின் மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. வெள்ளையணுக்கள் 3,600. மருந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரமில்லை. ஆரம்ப மாதங்களில் லேசான இறக்கம் பலருக்கும் வரும். பெரும்பாலும் தானாகச் சரியாகும். மொத்த எண்ணிக்கையை விட கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில்தான் முக்கியம். அறிக்கையில் அது 55 சதவீதம் என்றால், 3,600-இல் 1,980, கவலையில்லை. 1,500-க்குக் கீழே போனால் பரிசோதனையை அடிக்கடி செய்வார்கள். 1,000-க்குக் கீழே என்றால் மருந்தை மாற்றுவது பற்றி யோசிப்பார்கள். எலும்பு மஜ்ஜையே செயலிழப்பது மிக அரிது. ஆனாலும் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.