கெட்டிஸ்பர்க்கில் எழுத்து மங்கிய குட்டைக் கல்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களமான கெட்டிஸ்பர்க்கில் எடுத்த படத்தைப் போட்டு, இது கல்லறையா, மங்கிய எழுத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முழங்கால் உயரக் கல் கல்லறை அல்ல. ரெஜிமெண்ட் (சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவு) சண்டையில் நின்ற வரிசையின் ஓரத்தைக் காட்டும் பக்கக் கல். 'எல்.எஃப்.' என்றால் இடப்பக்கம், 'ஆர்.எஃப்.' என்றால் வலப்பக்கம். இந்த இடப்பக்கமும் வலப்பக்கமும் எதிரியைப் பார்த்து நின்ற சிப்பாயுடையவை. எதிரி வந்த திசையிலிருந்து பார்த்தால் தலைகீழாகிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

எழுத்து தெரிய சாக்பீஸ், ஷேவிங் கிரீம், கம்பி பிரஷ் எதுவும் வேண்டவே வேண்டாம். கிரீம் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும், கம்பி மேற்பரப்பைக் கீறிவிடும். அது தேசியப் பூங்கா நிலம் என்பதால் சட்டச் சிக்கலும் உண்டு. கல்லின் பக்கவாட்டில், முகப்பை ஒட்டினாற்போல டார்ச் அடித்துப் படம் எடுங்கள். வெட்டெழுத்துக்குள் நிழல் விழும். இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுத்தால் போதும். நேர் வெயிலில் எடுத்த உங்கள் படத்தில் எழுத்து தெரியாததில் வியப்பில்லை.

பிறகு வரிசையின் மறு ஓரத்தைக் காட்டும் இணைக்கல்லைத் தேடுங்கள். இரண்டு வரிசையாக நின்ற 300 பேருக்கு, வரிசைக்கு 150 பேர், ஆளுக்கு 2 அடி என்றால் முகப்பு ஏறக்குறைய 300 அடி. அந்த ரெஜிமெண்டின் பெரிய நினைவுச்சின்னம் பெரும்பாலும் இரண்டு கற்களுக்கும் இடையில் இருக்கும்.