வீடும் புறவாசலும்: பூச்சித் தொல்லை பற்றி வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வந்த கடிதங்களில், ஒரே தொல்லையைக் குறித்துப் பலர் எழுதியிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடை தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு ஓடு வேய்ந்தது. பனங்கைகளும் தேக்கு உத்திரமும் உண்டு. சென்ற ஐப்பசி மழைக்குப் பின் ஒரு மாலையில் பட்டாசல் சுவரின் விரிசலிலிருந்து ஈசல் கூட்டமாக வெளியேறியது. அதன் பிறகு சுவரில் மண்கோடுகள் ஏறுகின்றன. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் வருகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தெருவிளக்கைச் சுற்றும் ஈசலைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் வயல் வரப்பிலும் மேட்டு நிலத்திலும் உள்ள புற்றுகளிலிருந்து அவை பறந்து வருவது இயல்பு. அதைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறை இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. வீட்டுச் சுவருக்குள்ளிருந்தே வெளியேறியது என்று தாங்கள் எழுதியிருப்பதுதான் கவலைக்குரியது. ஒரு கறையான் குடி சில ஆண்டுகள் வளர்ந்து முதிர்ந்த பிறகே ஈசலை வெளியே அனுப்பும் என்பதால், தங்கள் வீட்டின் அடியிலோ அடித்தளத்தை ஒட்டியோ அது வெகுநாளாகவே தங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

மண்ணெண்ணெய் பட்ட கறையான் செத்துவிடும் என்பது உண்மையே. ஆனால் மரத்திலும் சுவரிலும் கண்ணுக்குத் தென்படுபவை இரை தேடி வந்தவை மட்டுமே. அரசியும் முட்டைகளும் குஞ்சுகளும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கின்றன. கறையானின் உடல் மிக மென்மையானது, காற்றும் வெளிச்சமும் பட்டால் விரைவில் உலர்ந்துவிடக்கூடியது. அதனால்தான் அது மண்ணைக் குழைத்துக் கூரையிட்ட பாதை வழியாகவே நடக்கிறது. ஒரு பாதையை நாம் அழித்தால் இரண்டடி தள்ளி மற்றொன்றைக் கட்டிக்கொள்ளும். மேலும், பழைய மரத்தில் மண்ணெண்ணெயை ஊறவிடுவது தீ விபத்துக்கு வழி வகுக்கும் செயல். அதை உடனே நிறுத்திவிடுங்கள்.

இனி, எல்லா மண்கோடுகளையும் ஒரே நாளில் துடைத்துவிடாமல், ஒவ்வொன்றிலும் விரற்கடை அளவு மட்டும் உடைத்துவிட்டு, நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். உடைந்த இடம் ஈர மண்ணால் மீண்டும் அடைக்கப்பட்டிருந்தால் அந்தப் பாதை உயிரோடு இருக்கிறது. அது தரையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதைத் தேடிக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்த இடத்தில் அநேகமாக ஈரம் இருக்கும்: முற்றத்துத் தண்ணீர் போகும் வழி அடைபட்டிருக்கலாம், குளியலறைக் குழாய் கசியலாம், ஓட்டிலிருந்து இறங்கும் மழைநீர் சுவரடியிலேயே தேங்கலாம். அதைச் சரிசெய்யாமல் மருந்து அடிப்பது வீண் செலவு. சுவரை ஒட்டி அடுக்கியிருக்கும் விறகு, தென்னை மட்டை, காய்ந்த ஓலை, பழைய அட்டைப் பெட்டி ஆகியவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பட்டாசலில் மரப்பெட்டியோ அலமாரியோ இருந்தால், சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, கல்லின் மேல் வைப்பது நல்லது.

மருந்திடுவதைப் பொறுத்தவரை, மரத்தின் மேல் பூசுவதைவிட மண்ணுக்குள் செலுத்துவதே பயன் தரும். கட்டி முடிந்த வீடுகளுக்குச் செய்ய வேண்டிய முறையை இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 என்னும் தரநிலையின் மூன்றாம் பகுதி விளக்குகிறது. வெளிப்புறத்தில் அடித்தளத்தை ஒட்டி மண்ணை வெட்டி மருந்துக் கரைசலை ஊற்ற வேண்டும். உட்புறத்தில் தரையும் சுவரும் சேரும் கோட்டில் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகள் இட்டு, கரைசலைச் செலுத்தி, சிமெண்டால் அடைக்க வேண்டும். இப்பணிக்கு இப்போது பரவலாகப் பயன்படும் இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. மருந்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. என்ற அளவில் கலக்கிறார்கள். உரிமம் பெற்ற ஆட்களைக் கொண்டே இதைச் செய்யுங்கள். அவர்கள் கலக்கும்போது கூடவே நின்று அளவைப் பாருங்கள், ஏனெனில் தண்ணீரைக் கூட்டி மருந்தைக் குறைப்பது இத்தொழிலில் அரிதானதன்று. புறவாசலில் கிணறு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிணற்றை ஒட்டிய சுவருக்கு மண் வழியாக மருந்து செலுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பனங்கைகளைப் பற்றி ஒரு சொல். வயது முதிர்ந்து வைரம் பாய்ந்த பனையின் வெளிப்பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. உள்ளே சோறு மிகுந்த கைகளையே அது உண்ணும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொத்தலான ஒலி தரும் கைகளை மட்டும் மாற்றினால் போதும். சுவருக்குள் செல்லும் முனைகளில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசும் பழக்கம் நல்ல பழக்கமே. தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கையுறை அணிந்து பூசவும்.

கேள்வி: வீட்டு முருங்கை மரத்தின் தூரில் கம்பளிப்பூச்சிகள் அடை அடையாக அப்பியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. மரத்தை வெட்டிவிடும்படி அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: மரத்தை வெட்ட வேண்டாம். மழைக்காலத்தில் முருங்கையில் கூடும் இந்தப் புழுக்கள் பகலில் தூரிலும் கிளைக் கவட்டிலும் ஒன்றாகக் கூடிக் கிடக்கும். இரவில் மேலேறி இலையை உண்ணும். பகலில் இப்படி ஒரே இடத்தில் கிடப்பது நமக்கு வாய்ப்பு. நீண்ட கழியின் முனையில் துணிப் பந்தம் கட்டி, கூட்டத்தின் மேல் விரைவாக ஓட்டிவிடுவதே நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வரும் முறை, இன்றைய வேளாண் துறையினரும் சொல்லும் முறை. பந்தத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் பட்டை வெந்துவிடும். காற்று வீசும் திசைக்கு எதிரே நின்று எரித்தால் உதிரும் மயிர் முகத்தில் படும். ஆகவே காற்று முதுகில் படும்படி நின்று, கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு செய்யவும். ஓலைக் கூரையோ மின்கம்பியோ அருகில் இருந்தால் பந்தம் வேண்டாம். அப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பு கரைத்துக் கூட்டத்தின் மேல் நன்கு படும்படி தெளிக்கலாம்.

இலையைக் கீரையாகவும் காயைக் குழம்பிலும் பயன்படுத்துகிற மரம் என்பதால், வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி எதையும் இதற்கு அடிக்கக் கூடாது. சிலர் இரவோடு இரவாக அடித்துவிட்டு மறுநாள் கீரை பறிப்பதைக் கேள்விப்படும்போது வருத்தமாகவே இருக்கிறது. இந்தப் புழுக்கள் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் ஆகையால், மழை ஓய்ந்ததும் மரத்தடியைக் கொத்திவிட்டால் கோழிகளும் குருவிகளும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகளின் தடிப்புக்கு: சொறியவோ தேய்க்கவோ விடாமல், ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டி எடுத்து மயிரை நீக்கிய பின் சோப்பு நீரால் கழுவுங்கள். அணிந்திருந்த துணியைத் தனியே துவைக்கவும். கண்ணில் பட்டிருந்தாலும் மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் சாக்கடை இல்லை, குப்பை இல்லை, புகை மருந்தும் அடிக்கிறார்கள். ஆனாலும் பகலிலேயே கொசு கடிக்கிறது. ஏன்?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பகலில் கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ் கொசு. அதற்குச் சாக்கடை தேவையில்லை. நல்ல தண்ணீரே போதும். 2012ஆம் ஆண்டில் நெல்லை மாவட்டத்தைப் பெரிதும் வாட்டிய டெங்குக் காய்ச்சலைப் பரப்பியதும் இதுவே. தாமிரபரணி ஓடும் ஊர் என்றாலும், குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள் வருவதால் டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் அண்டாவிலும் நிரப்பி வைக்கிறோம் அல்லவா, அங்கேதான் அது பிறக்கிறது. இக்கொசு பொதுவாக வெகுதூரம் பறப்பதில்லை. ஆகவே தங்களைக் கடிக்கும் கொசு தங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும்.

பெண் கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. தொட்டி வற்றினாலும் அம்முட்டை பல மாதங்கள் காய்ந்தபடியே உயிரோடு இருந்து, மீண்டும் தண்ணீர் நிரம்பும்போது பொரிக்கும். ஆகையால் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பதால் மட்டும் பயனில்லை. வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு 7 முதல் 10 நாட்கள் வரை ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை என்று வரையறுத்திருக்கிறார்கள். டிரம்மின் வாயை வேட்டித் துணியால் இடைவெளியின்றிக் கட்டுங்கள். புறவாசலில் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் ஆட்டுரலின் குழி, சிரட்டைகள், பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றையும் பாருங்கள். ஆட்டுரலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிணற்றிலும் பெரிய தொட்டியிலும் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம். புகை மருந்து அந்நேரம் பறக்கும் கொசுக்களைக் கொல்லும்; தொட்டியிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது.

கேள்வி: இரவில் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு மூஞ்சூறு சமையலறையில் ஓடுகிறது. விஷம் வைக்கலாமா?
— ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: வேண்டாம். மூஞ்சூறு எலியினம் அன்று. கரப்பானையும் பூச்சிகளையும் தின்பதற்காகவே அது வருகிறது. அதன் நாற்றம் பிடிக்கவில்லையென்றால் தண்ணீர் போகும் துவாரத்திற்குக் கம்பி வலை போடுங்கள்.

கேள்வி: வீட்டைச் சுற்றி எட்டுத் தென்னைகள் உள்ளன. புதிதாக விரியும் ஓலைகள் கத்தரியால் வெட்டியது போல் முக்கோண வடிவில் அறுந்திருக்கின்றன. அடி ஓலைகளோ கரி பூசியது போல் கறுத்துப் பிசுபிசுக்கின்றன.
— ஒரு வாசகர், கடையம்

பதில்: இவை இரண்டு வெவ்வேறு தொல்லைகள். முக்கோண வெட்டு காண்டாமிருக வண்டின் வேலை. வண்டு மரத்தின் உச்சியில் இருந்தாலும் அதன் புழு வளர்வது கீழே, எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும்தான். எருவைக் கிளறும்போது வெண்மையாக, வளைந்து கிடக்கும் தடித்த புழுக்களை எடுத்து அழியுங்கள். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தைக் குழியில் கலந்துவிட்டால் மீதியை அது கொல்லும். விழுந்த தடியைத் தோட்டத்தில் போட்டு வைக்காதீர்கள். மரத்தில் துளை தெரிந்தால் கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுத்துவிட்டு, உள் மட்டைகள் மூன்றின் இடுக்கில் மரத்திற்கு 3 அந்துருண்டை வீதம் 45 நாட்களுக்கு ஒரு முறை வைத்து மணலால் மூடலாம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு பானைகளில் வைத்தால் வண்டுகள் தாமாக வந்து விழும்.

கறுப்பு படிவது சுருள் வெள்ளை ஈயினால். இந்த ஈ இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்புறத்தில் சாறு உறிஞ்சி, தேன் போன்ற கழிவை அது கீழே சொரிய, அதன் மேல் கரும்பூசணம் வளர்கிறது. இதற்கு இரசாயனம் தெளிப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். என்கார்சியா என்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அக்குளவிதான். 2008ஆம் ஆண்டில் கோவையில் தோன்றிப் பப்பாளியையும் மல்பெரியையும் சூறையாடிய மாவுப்பூச்சியை எந்த மருந்தும் அடக்கவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிகளே அடக்கின. எனவே தண்ணீரை விசையோடு ஓலையின் அடிப்புறத்தில் பீய்ச்சுங்கள், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களைத் தொங்கவிடுங்கள், குளவிக்குச் சிறிது காலம் கொடுங்கள்.

கேள்வி: மச்சில் எலி. கடையில் கிடைக்கும் எலிப் பசையைத் தக்காளியில் தடவி வைக்கலாமா?
— ஒரு வாசகி, நாங்குநேரி

பதில்: மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது; யாரேனும் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தவறி உண்டவர் ஓரிரு நாள் நலமாகத் தோன்றிப் பிறகு கல்லீரல் கெட்டு இறப்பதுண்டு. தக்காளியில் தடவி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் நினைக்கவே கூடாத செயல்.

சுட்ட கருவாடோ தேங்காய்ச் சில்லோ வைத்த பொறியே மச்சுக்குப் போதும். எலி புதுப் பொருளைக் கண்டு மிரளும் என்பதால், முதல் சில இரவுகள் பொறியைப் பூட்டாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள். சுவரோரமாக, அது ஓடும் தடத்திலேயே வைக்கவும். கூரையைத் தொடும் மரக்கிளையைக் கழித்துவிடுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், பிளீச்சிங் கரைசல் தெளித்து, கிணற்றிலிருந்து விலகிய இடத்தில் இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடவும்.